கர்நாடகத் தமிழரின் பேச்சும் தாய்மொழிக் கணக்கும்

இந்தியாவின் அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ம் தேதி அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 16-ம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெரிவித்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவினால் தள்ளிப்போய், முன் கணக்குக்கும் இதற்கும் நடுவே பதினாறு ஆண்டு இடைவெளி விழுந்துவிட்டது. இந்த முறை ஜாதிக் கணக்கும் சேர்வதால், வாதப் பிரதிவாதமெல்லாம் அதைச் சுற்றியே நடக்கிறது. தாய்மொழி என்று ஒரு கட்டம் இருப்பதைப் பற்றிப் பேசுவோர் அதிகமில்லை. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு, அதிலும் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்கிறவர்களுக்கு, அது சில்லறை விஷயமல்ல.

2001-ம் ஆண்டுக் கணக்கில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் லட்சம் பேர். 2011-ல் இது 21 லட்சத்தைத் தாண்டியது. மாநில மக்கள் தொகையில் சுமார் 3.5 சதவிகிதம். எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று திருப்திப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகப் பெங்களூரில் வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை இந்நகரில் வீடு வாடகைக்குத் தேடிய எவரும் அறிவர். புதிதாக வந்தவர்களும், நான்கைந்து தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் ஒரே எண்ணில் அடங்கியிருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது பின்னவர்களைப் பற்றித்தான்.

அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பகுதிகளில் உள்ள பழைய குடும்பங்களில் தாய்மொழி எது என்று கேட்டால் உடனே ஒரு சொல்லில் பதில் வருவதில்லை. "வீட்டிலே தமிழ்தான் பேசறது, ஆனா எழுதப் படிக்கத் தெரியாது" என்பார் ஒருவர். "நாங்க பேசறது சரியான தமிழ் இல்லீங்க, கலப்படம்" என்பார் இன்னொருவர். "பிள்ளைங்கல்லாம் கன்னடத்திலே படிச்சிட்டாங்க, அதையே போட்டுக்குங்க" என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. இந்தப் பதில்களில் யாருடைய மிரட்டலும் இல்லை. தங்கள் பேச்சைப் பற்றி அவர்களுக்கே உள்ள கூச்சம்தான் இருக்கிறது.

கேட்கப்படுவது என்ன?

கணக்கெடுப்பு விதிகளின்படி, ஒருவருடைய தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் அவருடைய தாயார் அவரிடம் பேசிய மொழி. தாயார் அந்தப் பருவத்திலேயே இறந்திருந்தால், வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. இவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வேறொரு கேள்வி. அதற்கு வேறு கட்டம் உண்டு. படித்த மொழி எது, பேச்சு சுத்தமா, ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களா என்பதையெல்லாம் கணக்கெடுக்க வருகிறவர் கேட்பதில்லை. மொழியில் பரீட்சை வைப்பதும் அவருடைய வேலையல்ல. சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி.

சொன்னபடி குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ம் ஆண்டுக் கணக்கே சாட்சி. நாடு முழுவதும் மக்கள் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. ஊர்ப் பெயர், ஜாதிப் பெயர், தொழில் பெயர் என்று எல்லாமே அதில் உண்டு. மொழியியல் அறிந்த அதிகாரிகள் அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கினார்கள். அவற்றையும் உறவு பார்த்துச் சேர்த்து, பதினாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தில் கூடை முடைந்து ஊர் ஊராகச் சென்ற கைக்காடி சமூகத்தாரின் பேச்சு தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. சென்னைவாசி ஒருவருக்கு அந்தப் பேச்சில் பாதி புரிந்தால் அதிகம். கைக்காடிக்கே தமிழ்க் குடும்பத்தில் இடம் உண்டென்றால் சிவாஜி நகர்த் தமிழுக்கு இடம் இல்லாமல் போகுமா?

ஆனால் "கன்னடம்" என்று சொன்னால் கன்னடத்தில்தான் சேரும். அதைச் சலித்து எடுத்துத் தமிழில் போட எந்த அதிகாரிக்கும் வழியில்லை.

இந்த எண்ணிக்கையினால் என்ன லாபம் என்று கேட்பது நியாயமே. நேரடியாகக் கைக்கு வருவது ஒன்றும் கிடையாது. ஆனால் மொழிச் சிறுபான்மையினருக்கு என்று நாட்டில் உள்ள ஏற்பாடுகள் அனைத்தும் எண்ணிக்கையின் மீதே நிற்கின்றன. ஒரு மாவட்டத்திலோ தாலுகாவிலோ நகராட்சியிலோ ஒரு மொழியினர் குறைந்தது 15 சதவிகிதம் இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மாநிலப் புனரமைப்புக் காலத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்று 1949-ல் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவே சேர்ந்தது. இவை ஒழுங்காக அமலாவதில்லை என்பது வாஸ்தவம். இருந்தாலும் கேட்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும் அல்லவா? கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கை குறைந்துவிட்டால் மனு எழுதவும் வழியிராது.

ஆற்காட்டிலிருந்து வந்த பேச்சு

கர்நாடகத் தமிழர் கூச்சப்படும் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் அதைப் பற்றி நிலவும் அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை தவறானவை.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த கம்பெனிப் படையை 1809-ல் பெங்களூருக்குக் கொண்டுவந்து கண்டோன்மென்ட் அமைத்தார்கள். சென்னை ராஜதானிப் படை என்பதால் சிப்பாய்களோடு வந்த வியாபாரிகள், கொத்தனார்கள், தச்சர்கள், சமையற்காரர்கள் முதலானோரில் பெரும்பகுதியினர் ராஜதானியைச் சேர்ந்தவர்கள். ஆற்காடு, வேலூர், செங்கல்பட்டுப் பக்கத்து மக்கள் அதில் அதிகம். கண்டோன்மென்ட் பகுதி பெங்களூர் நகரோடு ஒரே நகராட்சியாகச் சேர்ந்ததே 1949-ல்தான். ஆக, 140 ஆண்டுகள் அது தனி ஊராகவே நடந்தது. கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வந்து குவிந்த கூலியாட்களும் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்தவர்களே. பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள்.

அவர்கள் கொண்டுவந்த தமிழைத்தான் இன்றும் அவர்கள் பேரப் பிள்ளைகள் பேசுகிறார்கள். "எங்க கீறே?", "ஊட்லதான் கீறேன்", "பேசிக்கினு கீறாங்க" என்று தங்கவயலில் ஒருவர் பேசினால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், "கன்னடம் கலந்து கெட்டுப்போன தமிழ்" என்று முகம் சுளிக்கிறார். இதில் கன்னடம் எங்கே இருக்கிறது? வேலூர் பஸ் நிலையத்திலும் குடியாத்தம் சந்தையிலும் காதைக் கொடுத்துக் கேட்டால் இதே "கீறே"யும் "கீது"வும் கேட்கும். சென்னையின் பழைய பேட்டைகளிலும் இதுதான். "இருக்கிறது" என்ற சொல்லின் முதலில் நின்ற உயிர் தேய்ந்து, நடுவில் இருந்ததும் கரைந்து "கீது" ஆயிற்று. "இரண்டு" என்பது "ரெண்டு" ஆனதும் ஏறக்குறைய இதே போன்ற தேய்வுதான். "ரெண்டு" என்று பி.ஏ. படித்தவரும் சொல்கிறார், யாரும் சிரிப்பதில்லை. "கீது" என்றால் சிரிக்கிறார்கள். காரணம், அதைச் சொன்னவர்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், மூட்டை தூக்கினார்கள், சினிமாவில் வேலைக்காரர்களாக வந்தார்கள் என்பதைத் தவிர வேறில்லை.

"பேசிக்கொண்டு" என்பதைத் தெற்கே "பேசிக்கிட்டு" என்கிறார்கள், வடக்கே "பேசிக்கினு" என்கிறார்கள். எது அசலுக்குக் கிட்டம்? "கொண்டு" என்ற சொல்லின் நடுவில் மூக்கால் ஒலிக்கும் எழுத்து ஒன்று உண்டு. "கிட்டு" என்பதில் அது மறைந்துபோய்விட்டது. கேலிக்கு ஆளான "கினு"வில்தான் அது மிச்சமிருக்கிறது! பழத்தை வடக்கே "பயம்" என்கிறார்கள் என்று மதுரைக்காரர் சிரிப்பார். அவர் வாயில் அது "பளம்". இரண்டிலும் ழகரம் போய்விட்டது. ஒருவர் போன வழியை மற்றவர் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

உச்சரிப்புக்கு மதிப்பு வருவதும் போவதும் பேசுகிறவருடைய அந்தஸ்தைப் பொறுத்தது என்பதற்குப் பெங்களூரே பெரிய உதாரணம் ஒன்றைத் தந்திருக்கிறது. 1950-ல் இந்நகரில் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்து, இங்கே பஸ் கண்டக்டராக இருந்து, 1975-ல் "அபூர்வ ராகங்கள்" படத்தில் தமிழ்த் திரைக்கு வந்தவர் ரஜினிகாந்த். அவருடைய வேகமான, ஊர் தெரியாத தமிழைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அரை நூற்றாண்டாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறார்கள். அந்தத் தமிழைக் கலப்படம் என்று ஒருவரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

கன்னடம் கெடுத்ததா?

கன்னடச் சொற்கள் பெங்களூர்த் தமிழில் கலக்கவே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை. கலந்திருக்கின்றன. காலைச் சிற்றுண்டி "திண்டி" ஆகிவிட்டது. களி என்பது பல வீடுகளில் "முத்தெ". ரசத்தைச் "சாரு" என்கிறார்கள். கொஞ்சம் என்ற இடத்தில் "சொல்ப" வருகிறது. "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பதைக் கேட்காமல் பெங்களூரில் ஒரு நாள் ரயிலில் உட்கார முடியாது.

ஆனால் இந்தச் சொற்களைச் சற்று உற்றுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். "சாரு" என்பது தமிழில் உள்ள "சாறு"தான். கன்னடத்தில் கடை "அங்கடி". தமிழில் "அங்காடி" என்பது சங்க காலத்துச் சொல். வீட்டைக் கன்னடர் "மனெ" என்கிறார்கள். தமிழர் அந்த "மனை"யைப் பத்திரம் பதிவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடியிருப்பதற்கு வீடு என்கிறார்கள். பங்காளி வீட்டிலிருந்து பாத்திரம் வாங்கி வந்தால் அடியில் தாத்தா பெயர் வெட்டியிருப்பதைப் போன்றது இது.

இரண்டு மொழிகளும் பிரிந்தபின் ஒவ்வொன்றும் தனித்தனியே மாறியிருக்கிறது. தமிழர் "செவி" என்பதைக் கன்னடர் "கிவி" என்கிறார்கள். "சேரி" அங்கே "கேரி". "செம்" என்று தொடங்கும் நிறம் அங்கே "கெம்பு". இவற்றில் பழைய ககரத்தைக் காப்பாற்றியது கன்னடம். சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். மறுபுறம், பகரத்தில் தொடங்கிய பழைய சொற்களைக் கன்னடம் ஹகரமாக்கிக் கொண்டது. பால் "ஹாலு" ஆயிற்று, பத்து "ஹத்து" ஆயிற்று, புலி "ஹுலி" ஆயிற்று. இங்கே பழையதைக் காத்தது தமிழ். ழகரம் ஹளே கன்னடத்திலும் இருந்தது, பிற்பாடு வழக்கொழிந்தது. தமிழில் எழுத்தில் இருக்கிறது, பலருடைய நாக்கில் இல்லை.

2025 மே மாதம் சென்னையில் ஒரு திரைப்பட விழா மேடையில் நடிகர் கமல்ஹாசன், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருள்படப் பேசியதும், கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பும், "தக் லைஃப்" படம் இம்மாநிலத்தில் வெளியாகாமல் நின்றதும், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மொழி நூலார் கருத்து வேறு. இரண்டும் ஒரே பழைய தென் திராவிட மூலத்திலிருந்து கிளைத்தவை. ஒன்று மற்றதன் பிள்ளையல்ல என்பதே அவர்கள் கூறுவது. மேடையில் சொன்ன வார்த்தைக்குச் சென்னையில் கைதட்டல் கிடைக்கலாம். அதன் பலனை அனுபவிப்பது பெங்களூரில் பஸ்ஸில் போகும் தமிழர். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்னையையொட்டி நடந்தவற்றைப் பார்த்தவர்கள், பொது இடத்தில் தமிழில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். பேச்சு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மொழி நூல்களில் இதற்கு இடம் குறைவு.

பக்கத்து மொழியோடு பல தலைமுறை வாழ்ந்தால் எதுவரை மாறலாம் என்பதற்கும் கர்நாடகத்திலேயே அத்தாட்சி உண்டு. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு ஹாசன் அருகில் கௌசிகத்திலும், மைசூர்ப் பக்கம் பெட்டதபுரத்திலும் குடியேறிய சங்கேதி பிராமணர்கள் வீட்டில் ஒரு பேச்சு பேசுகிறார்கள். அது தமிழிலிருந்து கிளைத்தது என்பது கேட்டால் தெரியும். ஆனால் தமிழருக்கு முழுதும் புரியாது. எழுதுவதும் படிப்பதும் அவர்களுக்குக் கன்னடம்தான். மேல்கோட்டை, மண்டியம், ஹெப்பார் ஐயங்கார்கள் கதையும் ஏறக்குறைய இதுவே. தமிழ்நாட்டின் முதல்வராக இருந்த ஜெயலலிதா 1948-ல் பிறந்தது மேல்கோட்டையில் ஓர் ஐயங்கார் குடும்பத்தில்தான். பள்ளிக்கூடமோ பத்திரிகையோ சினிமாவோ இல்லாமல், சமையலறையிலும் கூடத்திலும் மட்டுமே ஒரு பேச்சு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது. கலப்படம் ஆனாலும் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையில், கலந்ததனால்தான் நின்றதோ என்று நினைக்கவும் இடமிருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்று ஒரு கிராமம். அங்கே கன்னடம், மராத்தி, உருது மூன்றும் பேசுகிறவர்கள் பல நூற்றாண்டாக அடுத்தடுத்து வாழ்கிறார்கள். கம்பர்ஸ், வில்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1971-ல் அந்தக் கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தமானது. மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஒன்றை ஒன்று நெருங்கி, கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போல் ஆகிவிட்டதையும், சொற்கள் மட்டும் தனித்தனியே நிற்பதையும் அவர்கள் காட்டினார்கள். அப்படி நெருங்கியும், யாரும் தங்கள் வீட்டு மொழியை விட்டுவிடவில்லை.

தங்கவயலில் நடப்பது

உச்சரிப்பு மாறுவதும் சொல் கலப்பதும் ஆபத்தல்ல என்றால் ஆபத்து எங்கே இருக்கிறது? அதைத் தங்கவயலில் பார்க்கலாம்.

சுரங்கம் நடந்த காலத்தில் தங்கவயல் ஒரு தமிழ் ஊர். சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த "லைன்"களில், தொழிற்சங்கக் கூட்டத்தில், கோயிலில், மாதா கோயிலில், டாக்கீஸில் எல்லாம் தமிழ். வேலை இடத்துச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஷிப்டு, ஷாப்டு, அண்டர்கிரவுண்டு, பாறை வெடித்துச் சரிந்தால் "ஏர் பிளாஸ்ட்". பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்த சாம்பியன் ரீப் சுரங்கத்தின் சொற்கள் அவை. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பிழைப்புப் போன பிறகு ஊர் ரயில் ஏறியது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகாம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் விடியற்காலை ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். (பங்காருப்பேட்டையே முன்பு பௌரிங்பேட்டைதான். மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர் மக்கள் நாவில் தேய்ந்து, பக்கத்தில் கிடைத்த பங்காரத்தோடு ஒட்டிக்கொண்டது.)

நாளில் பதினைந்து மணி நேரம் வீட்டுக்கு வெளியே. வேலை இடத்தில் கன்னடம், ஹிந்தி, ஆங்கிலம். தகப்பன் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியாகிவிட்டது. பாட்டி "கீறே" என்று பேசுகிறாள். தாய் அதையே கொஞ்சம் திருத்தி, டெலிவிஷன் தொடர்களில் கேட்ட சென்னைத் தமிழ் சாயலில் பேசுகிறாள். பிள்ளை இரண்டையும் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பதில் சொல்கிறது. மொழி ஒரு வீட்டை விட்டுப் போவது இப்படித்தான். அது திரிவதனால் போவதில்லை. பதில் சொல்வது நின்றால் போய்விடுகிறது.

அந்தப் பிள்ளை ஏன் தமிழில் பதில் சொல்வதில்லை என்றால், ஆங்கிலப் பள்ளி ஒரு காரணம்தான். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள் என்பது இன்னொன்று. விடுமுறைக்குச் சென்னைக்கோ கோவைக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளையைச் சுற்றி உட்கார வைத்து, "இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டுக் கைகொட்டுவது அன்பினால்தான். பிள்ளைக்கு அப்படித் தெரிவதில்லை. பெங்களூருக்குள்ளேயே புதிதாக வந்த தமிழர்கள் ஒயிட்பீல்டு அடுக்கு மாடிகளிலும், பழைய தமிழர்கள் கண்டோன்மென்ட் சந்துகளிலும் வாழ்கிறார்கள். முன்னவர் பின்னவரைச் சந்திப்பது காய்கறிக்காரராகவோ வண்டி ஓட்டுகிறவராகவோதான். அங்கும் முதலில் கண்ணில் படுவது பேச்சு.

பள்ளிக்கூடத்தில் யார் சொல்வது சட்டம்?

கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு முதல் மொழியாக எடுக்கக்கூடியவற்றில் தமிழும் ஒன்று. 2015-ம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம். இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. இந்த மண்ணில் பிழைக்கிறவர்களுக்குக் கன்னடம் தெரிய வேண்டும். முப்பது வருஷம் பெங்களூரில் இருந்தும் ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது என்று பெருமையடித்துக் கொள்கிறவர்களால்தான் மற்றவர்களுக்குத் தலைவலி. கன்னடத்தோடு தமிழும் படிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் சேர்வதுதான் இல்லை.

இதில் 2014 மே 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் பயிற்றுவிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 1994-ல் பிறப்பித்த உத்தரவு பற்றிய வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசு அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று கூறியது. அதோடு, ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்று தீர்மானிக்க வேண்டியவர் பெற்றோரோ பாதுகாவலரோதான் என்றும் கூறிவிட்டது. தாய்மொழிக் கல்விக்கு இது பின்னடைவு என்று வருந்தியவர்கள் உண்டு, வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்தத் தீர்ப்பின் இன்னொரு விளைவை யாரும் அதிகம் எடுத்துப் பேசவில்லை. பள்ளியிலும் சரி, கணக்கெடுப்பிலும் சரி, தாய்மொழி என்பது குடும்பத்தார் வாயால் சொல்வது. அதிகாரி மறுக்க முடியாது. அரசு மாற்ற முடியாது. தமிழ் என்று சொன்னால் தமிழ். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர், "எங்க தமிழ் சரியில்லீங்க" என்று தயங்கி நின்றால், அதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.

வீடு தேடி வருகிறவரிடம் பதில் சொல்வது பெரும்பாலும் பகலில் வீட்டில் இருப்பவர். வயதான மாமியாராகவோ கைக்குழந்தைக்காரியாகவோ இருக்கும். எல்லோருக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுகிறார். வீட்டில் உள்ள அனைவருக்கும் தாய்மொழி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளுக்கு ஆள் தனியே கேட்க வேண்டும் என்பது கணக்கெடுப்போருக்குத் தரப்படும் குறிப்பிலேயே உள்ளது. மருமகள் கன்னடக் குடும்பத்துப் பெண்ணாக இருந்து, பிள்ளையிடம் கன்னடத்தில் பேசினால், பிள்ளைக்குக் கன்னடம் என்று எழுதுவதுதான் சரி. பாட்டிக்குத் தமிழ், தகப்பனுக்குத் தமிழ், மருமகளுக்கும் பிள்ளைக்கும் கன்னடம் என்று ஒரே வீட்டில் நான்கு வரிகள் இரண்டு விதமாக இருக்கலாம். தாய்மொழிக் கட்டத்துக்கு அடுத்தாற்போல், தெரிந்த வேறு மொழிகள் இரண்டைக் குறிக்கவும் 2011-ம் ஆண்டுப் படிவத்தில் இடம் இருந்தது. படித்த கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உரிய இடம் அதுதான்.